ராமர் காசை விடுங்கள், அந்தக் குதிரையைக் காட்டுங்கள்

கேள்வி: அரசுப் பேருந்தில் முப்பத்தோரு வருஷம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் திண்டிவனம். மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை, உள்ளே இருந்த காசுகளோடு 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். நான்கு உருப்படிகள். ராமர் பட்டாபிஷேகம் போட்ட செம்புக் காசு ஒன்று. பின்பக்கம் ஆங்கிலத்தில் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒன் அணா, 1818 என்று இருக்கிறது. வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் ஒன்று. இரண்டு சிங்கம் போட்ட, தேய்ந்த செப்புக் காசு ஒன்று, வருஷம் 1808. நான்காவது கறுத்துப்போன பெரிய வட்டம். மேலே கம்பி மாதிரி ஒரு பிடி, ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் உடுப்பில்லாத ஒருவன் குதிரைமேல் இருக்கிறான். ராமர் காசு லட்சக்கணக்கில் போகும் என்றார் விற்றவர். யூடியூபில் பார்த்த நம்பருக்குப் படம் அனுப்பினேன். 12 லட்சம் தருவதாகச் சொல்லி, பதிவுக் கட்டணம் 1,500 வாங்கிக்கொண்டார்கள். இப்போது ஜி.எஸ்.டி. என்று 18,000 கேட்கிறார்கள். கட்டலாமா? குதிரைக்காரனை வெள்ளிக்கடையில் எடைக்குப் போடச் சொல்கிறார் என் மச்சான். எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டு உங்களிடம் கொண்டு வரட்டுமா? படங்களை இத்துடன் உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

ஐயா, வணக்கம். 18,000 கட்டாதீர்கள். புளியைத் தொடாதீர்கள். வெள்ளிக்கடைப் பக்கம் போகவே போகாதீர்கள். இந்த மூன்றையும் முதலில் சொல்லிவிட்டால்தான் மீதியை நிதானமாகப் பேச முடியும்.

பண விஷயத்தை முடித்துவிடுவோம். காசு வாங்குகிறவன் காசு கொடுப்பான், கேட்க மாட்டான். என் கடையில் ஒருவர் பொருளை வைத்தால் நான்தான் பணம் எண்ணிக் கொடுக்க வேண்டும். அவரிடம் பதிவுக் கட்டணம், பரிசோதனைக் கட்டணம், வரி என்று கேட்டால் நான் வியாபாரி இல்லை. இந்த ஆட்கள் ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம்கூட அனுப்புவார்கள். பழைய காசு, நோட்டு வாங்குவது விற்பதில் தனக்குச் சம்பந்தமே இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிக்கை விட்டுவிட்டது. நீங்கள் இன்றைக்கே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து, 1,500 போன விவரத்தைப் பதிவு செய்யுங்கள். தொகை சின்னது என்று விடாதீர்கள். அதே கணக்குக்கு வேறு யாராவது ஐம்பதாயிரம் அனுப்பியிருக்கலாம். அப்புறம் அந்த நம்பரை அடைத்துவிடுங்கள். அடுத்த வாரம் வேறு நம்பரில் போலீஸ் என்று சொல்லிக் கூப்பிட்டாலும் எடுக்க வேண்டாம்.

இனி ராமர் காசு. மாதத்துக்கு நாலைந்து பேராவது இதைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வருகிறார்கள். ராமர் இருப்பார், அனுமன் இருப்பார், சில சமயம் லட்சுமி, சில சமயம் தாமரையும் ஓமும். வருஷம் 1818 என்றிருக்கும். 1616, 1717 என்று போட்டதையும் பார்த்திருக்கிறேன். 1616இல் இந்தக் கம்பெனிக்குச் சென்னையில் ஒரு குடிசைகூடக் கிடையாது. மதராஸ் இடம் அவர்கள் கைக்கு வந்ததே 1639இல்.

உங்கள் காசில் இருக்கும் 1818க்கு வருவோம். அந்த வருஷ ஆரம்பத்தில் மதராஸில் நாணயக் கணக்கே மாறியது. அதுவரை இங்கே வராகன், பணம், காசு என்றுதான் கணக்கு. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818இல் வராகனை ஒதுக்கிவிட்டு, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கு வைத்து வெள்ளி ரூபாயைக் கொண்டுவந்தார்கள். செம்பில் கால் அணா, அரை அணா என்று நாடு முழுக்க ஒரே மாதிரி வந்தது 1835ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு. ஒரு அணா தனி நாணயமாக எல்லோர் கையிலும் புழங்கியது 1907இல்தான். அது செம்பும் இல்லை, நிக்கல் கலந்த வெள்ளை உலோகம், ஓரம் வளைவு வளைவாக இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘அணா’ என்று சொன்னது அதைத்தான். ஆகவே 1818 என்று போட்ட செம்பு ஒரு அணா, நாணயம் அடிக்கும் எந்த அக்கசாலையிலும் அடித்ததில்லை. யாரோ பின்னால் பட்டறையில் செய்தது.

பொய்க்குப் பின்னால் ஒரு மெய்யும் இருக்கிறது. ராமடங்கா என்று ஒன்று உண்டு. கோயில்களிலும் பூஜையறைகளிலும் வைத்த காசு மாதிரியான வில்லை. ஒரு பக்கம் பட்டாபிஷேகக் காட்சி, மறுபக்கம் வில்லோடு ராமரும் லட்சுமணரும். தங்கத்திலும் வெள்ளியிலும் பித்தளையிலும் செய்தார்கள். கடைக்குப் போய்ச் சாமான் வாங்க இல்லை, கும்பிட. அந்தப் படத்தைத் தூக்கிக் கம்பெனியின் பெயரோடு ஒட்டவைத்ததுதான் உங்கள் கையில் இருப்பது.

‘கம்பெனி வெள்ளைக்காரன் சாமி படம் போடுவானா’ என்று சிலர் சிரிப்பார்கள். போட்டான் ஐயா, அதுதான் வேடிக்கை. மதராஸ் கம்பெனி அடித்த தங்க வராகனில் பெருமாளும் இரண்டு தேவிமாரும் உண்டு. மூன்று சாமி வராகன் என்றே அதற்குப் பெயர். 1807, 1808 வாக்கில் அடித்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரம். மறுபக்கம் விஷ்ணு, சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. நானே இதுவரை கையில் வைத்துப் பார்த்தது ஏழோ எட்டோதான். அது மாதிரி ஒன்று பிஸ்கட் டப்பாவில் வந்தால் இரவு பன்னிரண்டு மணிக்கு வேண்டுமானாலும் போன் செய்யுங்கள்.

1818 காசின் பெயரில் நடக்கிற இன்னொரு கூத்து உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ரைஸ் புல்லிங். காசில் இடி விழுந்தது, இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும், நாசா வாங்கும் என்பார்கள். ஒருமுறை இரண்டு பேர் என் கடைக்கே வந்து மேஜையில் அரிசியைப் பரப்பி இழுத்துக் காட்டினார்கள். அரிசி நகர்ந்தது உண்மை. நான் பின்கட்டுக்குப் போய் எங்கள் வீட்டுப் பொன்னி அரிசியை ஒரு பிடி அள்ளிவந்து பக்கத்தில் போட்டேன். அது அசையவில்லை. அவர்கள் கொண்டுவந்த அரிசியில் இரும்புத்தூள் பூசியிருந்தது, காசுக்குள் காந்தம். டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள்.

உங்கள் ராமர் காசைப் பூஜையறையில் வையுங்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. யாருக்கும் விற்காதீர்கள், அவ்வளவுதான்.

வைஷ்ணோ தேவி ஐந்து ரூபாய்க்கு ஒரு வரி போதும். கோயில் நிர்வாக வாரியத்தின் இருபத்தைந்தாவது ஆண்டுக்காக 2012 என்று வருஷம் போட்டு வெளியிட்டது. புழக்கத்துக்கே விட்ட காசு. புத்தம் புதிதாக இருந்தால் சேகரிக்கிறவர் பத்து இருபது கூடக் கொடுப்பார். இல்லாவிட்டால் டீக்கடையில் அதன் மதிப்பு ஐந்து ரூபாய்.

மற்ற இரண்டையும் பார்ப்பதற்கு முன், என் சொந்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் 1911ஆம் வருஷத்து ஜார்ஜ் ரூபாய் ஒன்று என்னிடம் வந்தது. அந்த ரூபாய்க்கு ஒரு கதை உண்டு. ராஜாவின் அங்கியில் தொங்கும் பதக்க மாலையில் ஒரு யானை. அதைச் செதுக்கிய விதத்தில் தும்பிக்கை குட்டையாகப் போய், பார்க்கிறவர்களுக்குப் பன்றி மாதிரி தெரிந்தது. பன்றி உருவத்தைத் தொடுவதா என்று முஸ்லிம்கள் கொதித்தார்கள். அடித்த 94 லட்சம் ரூபாயில் சுமார் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது. மீதியை நிறுத்தி உருக்கிவிட்டு, 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். ‘பன்றி ரூபாய்’ என்றால் அதனால் சேகரிப்பவர்களுக்கு ஒரு ஆசை. நானும் தலையைப் பார்த்தேன், வருஷத்தைப் பார்த்தேன், குட்டைத் தும்பிக்கையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன், இரண்டு மாத வாடகைப் பணத்தைக் கொடுத்தேன். விளிம்பைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்த் திருப்பிப் பார்த்தால், வரிவரியாக இருக்க வேண்டிய விளிம்பின் நடுவில் மெல்லிசாக ஒரு தையல் ஓடுகிறது. இரண்டு அச்சு வைத்து வார்த்த போலி. அன்றிலிருந்து எந்தக் காசு வந்தாலும் முதலில் விளிம்பைத்தான் தடவுவேன், முகத்தை அப்புறம்தான் பார்ப்பேன்.

உங்களுக்கு இது புதிதாக இருக்காது. ஓடுகிற பஸ்ஸில், இருட்டில், பைக்குள் கைவிட்டு ஒரு ரூபாயையும் இரண்டு ரூபாயையும் விளிம்பை வைத்தே பிரித்த விரல் உங்களுடையது.

1808 செப்புக் காசை அந்த விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் இரண்டு சிங்கம் தாங்கிய கம்பெனிக் கேடயம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே எக்ஸ் எக்ஸ் கேஷ் என்று ஆங்கிலத்தில். இருபது காசு, அதாவது கால் பணம். இது அசல். மதராஸுக்காக இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் சோஹோ அக்கசாலையில் நீராவி எந்திரத்தில் அடித்துக் கப்பலில் அனுப்பியது. அப்படிப் புறப்பட்ட கப்பல்களில் ஒன்று அட்மிரல் கார்டனர். 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு நகர்வதற்குள் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கிவிட்டது. உள்ளே பத்துக் காசும் இருபது காசுமாகப் பல டன் செம்பு. 1980களில் முக்குளித்து அதிலிருந்து ஏராளமான காசுகளை எடுத்தார்கள். அதனால்தான் இன்றைக்கு உலகம் முழுக்க ஏலங்களில் 1808 போட்ட மதராஸ் காசு இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது. மதராஸுக்கு வரவேண்டிய காசு மதராஸையே பார்க்காமல் லண்டன் கடைகளில் விற்பனையாகிறது.

கடலில் கிடந்த காசில் எழுத்து கூர்மையாக இருக்கும், ஆனால் மேல்தோல் அம்மை போட்டது மாதிரி குழிகுழியாக இருக்கும். உங்களுடையது நேர்மாறு. குழி இல்லை, சிங்கத்தின் பிடரி மழுங்கியிருக்கிறது, விளிம்பு வழவழப்பு. ஆகவே இது பத்திரமாக வந்து சேர்ந்து, சந்தையிலும் சாவடியிலும் கைமாறிய காசு. விலையென்று பார்த்தால் சில நூறு ரூபாய். நூறு வருஷத்துக்கு மேற்பட்டதால் சட்டப்படி இது தொல்பொருள். வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டில் இருக்கும் யாருக்கும் தபாலில் அனுப்பக் கூடாது. மண்ணைத் தோண்டி எடுத்த புதையலாக இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 1878ஆம் வருஷச் சட்டம் வரும். சந்தையில் வாங்கியதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

சரி, குதிரைக்காரன்.

அது காசு இல்லை, பதக்கம். முதல் உலகப் போரில் பணி செய்தவர்களுக்கு பிரிட்டிஷ் அரசு கொடுத்த போர்ப் பதக்கம். முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜ். பின்பக்கத்தைச் செதுக்கியவர் வில்லியம் மெக்மில்லன் என்ற சிற்பி. குதிரையின் காலடியைப் பாருங்கள்: கழுகு போட்ட ஒரு கேடயத்தை மிதித்துக்கொண்டு நிற்கும். அது ஜெர்மனி, ஆஸ்திரியா கூட்டணியின் சின்னம். பக்கத்தில் ஒரு மண்டையோடும் எலும்பும். இருபுறமும் 1914, 1918. மேலே இருக்கும் அந்த நேர்க்கம்பியில்தான் ரிப்பன் கோப்பார்கள். நடுவில் ஆரஞ்சு, இருபுறமும் வெள்ளை, கறுப்பு, நீலம்.

மொத்தம் சுமார் 65 லட்சம் பேருக்கு வெள்ளியில் கொடுத்தார்கள். அதனால் பதக்கம் என்ற அளவில் இது அபூர்வம் இல்லை. ஏறத்தாழ ஒரு அவுன்ஸ் வெள்ளி. உங்கள் மச்சான் சொல்வது ஒன்றும் புது யோசனையும் இல்லை. 1980 வாக்கில் வெள்ளி விலை தாறுமாறாக ஏறியபோது உலகம் முழுக்க இந்தப் பதக்கங்களை மூட்டை மூட்டையாக உருக்கினார்கள். நம் ஊரில் பேரன்மார்கள் கொண்டுபோய்க் கொலுசாக மாற்றியது எத்தனையோ. அடகுக்கடையில் மூழ்கி உருகியது எத்தனையோ.

இப்போது உங்கள் ஐந்தாவது படத்துக்கு வருகிறேன். பதக்கத்தை நிமிர்த்தி வைத்து, தற்செயலாகவோ என்னவோ, விளிம்பை எடுத்திருக்கிறீர்கள். அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் மற்ற வேலையை நிறுத்திவிட்டேன். அழுக்குக்கு அடியில் எழுத்து இருக்கிறது. முதலில் நான்கு இலக்க எண். அப்புறம் எஸ்.பி.ஆர். என்று சுருக்கம், சாப்பர், அதாவது பாலம் கட்டுவது, சுரங்கம் வைப்பது, பாதை போடுவது செய்யும் படைவீரர். அடுத்து ஒரு பெயர். இங்கே எழுத மாட்டேன். தமிழ்ப் பெயர், அதை ஆங்கிலக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். கடைசியில் 2 கியூ.வி.ஓ., எஸ். அண்ட் எம். விக்டோரியா மகாராணியின் சொந்த இரண்டாம் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். நம் ஊர் வாயில் சொன்னால் மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780இல் இங்கே கோட்டையில் தொடங்கி, பிறகு பெங்களூருக்குப் போய், இன்றைக்கும் அங்கேயே இருக்கிற படைப்பிரிவு.

அந்தப் போரில் இவர்களின் படைக்குழுக்கள் பலவும் போனது மெசபடோமியாவுக்கு, இன்றைய ஈராக்குக்கு. பாஸ்ராவில் அங்கே இறந்தவர்களுக்காக ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டன. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சிப்பாய்களுக்கு இன்ன படையில் இத்தனை பேர் என்று எண்ணிக்கைதான். இந்தப் பாகுபாட்டை, அந்தச் சின்னத்துக்குப் பொறுப்பான காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. கல்லில் பெயர் போடாத அதே அரசு, பதக்கத்தின் விளிம்பில் மட்டும் ஒவ்வொருவர் பெயரையும் எண்ணோடு அச்சடித்துக் கொடுத்தது. உங்கள் சாப்பர் இறந்தாரா, ஊர் திரும்பி நாலு பிள்ளை பெற்றாரா என்பது இந்த விளிம்பை வைத்து மட்டும் தெரியாது. பதக்கம் இருவகைக்கும் உண்டு. ஆனால் தேடத் தொடங்க எண்ணும் பெயரும் படையும் போதும். ஆணையத்தின் இணையப் பட்டியலில் இறந்தவர்களைப் பெயர் வைத்துத் தேடலாம். அதில் இல்லையென்றால் அநேகமாக மனிதர் திரும்பியிருக்கிறார். புளி போட்டு, அப்புறம் பித்தளைப் பொடி போட்டு ஒரு அரைமணி நேரம் தேய்த்திருந்தால் முதலில் போயிருப்பது அந்தப் பெயர்தான்.

விலையும் அங்கேதான் இருக்கிறது. ஒரே வெள்ளி, ஒரே எடை, ஒரே குதிரை. யார் பெயர், எந்தப் படை என்பதில்தான் வித்தியாசம். இப்படிப்பட்ட ஒற்றைப் பதக்கத்துக்கு இன்றைய சந்தையில் சில ஆயிரம் எதிர்பார்க்கலாம். நீங்கள் டப்பாவுக்குக் கொடுத்தது வந்துவிடும். கூட இன்னொன்று இருந்திருக்கும், இறக்கை விரித்த பெண் உருவம் போட்ட வெண்கல வெற்றிப் பதக்கம். அதே பெயரில் அதுவும் கிடைத்தால் ஜோடிக்கு மதிப்பு ஏறும். அந்தக் கடைக்காரரை அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்து, டப்பா எந்த வீட்டுச் சாமானோடு வந்தது என்று கேளுங்கள். இன்னொரு விஷயம்: இதே குதிரை வெண்கலத்தில் இருந்தால் யாரும் வேண்டாம் என்று ஒதுக்குவார்கள். நீங்கள் ஒதுக்காதீர்கள். அது சண்டை போடாமல் கூலி வேலைக்கென்று அமைத்த தொழிலாளர் படைகளில் போன இந்தியர், சீனர், மால்டாக்காரர் போன்றவர்களுக்குக் கொடுத்தது. மொத்தமே சுமார் 1,10,000. வெள்ளியைவிட அதற்குத்தான் விலை.

ஏமாற்று இதிலும் உண்டு. சாதாரணப் படைக்காரர் பெயரை அரம் போட்டு அழித்துவிட்டு, பெயர் பெற்ற படையின் பெயரை வெட்டுவார்கள். அப்படிச் செய்திருந்தால் விளிம்பு ஒரு இடத்தில் மெலிந்து பள்ளமாக இருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துச் சுற்றிப் பாருங்கள். உங்கள் படத்தைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை.

சுத்தம் செய்ய ஆசையாக இருந்தால், காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். கறுப்பு அப்படியே இருக்கட்டும், வெள்ளிக்கு அது சட்டை மாதிரி. பளபளவென்ற பிளாஸ்டிக் ஆல்பம் வாங்காதீர்கள், மலிவான பி.வி.சி. உறையில் ஒரு மழைக்காலம் இருந்தால் பச்சையாகப் பிசுபிசுக்கும். தனித்தனிக் காகித உறை போதும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயப் பகுதி இருக்கிறது. மகள் வீட்டுக்கு வரும்போது ஒரு மத்தியானம் போய்ப் பாருங்கள், கம்பெனிக் காசுகள் உங்களுக்குப் பிடிக்கும்.

என்னிடம் கொண்டு வருவதற்கு முன் ஒரு உதவி. எண்ணின் மூன்றாவது இலக்கம் படத்தில் 3 மாதிரியும் இருக்கிறது, 8 மாதிரியும் இருக்கிறது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி ஜன்னலோரம் பதக்கத்தை நிறுத்தி, ஃபிளாஷ் போடாமல், விளிம்பை மட்டும் இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள்.